‘ஆம்’ விழுந்த இடம்

குட்டி,

இதை வாசிக்கிற நாளில் உனக்கு என்ன வயது இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இப்போது நான்கு. பக்கத்து அறையில் சோபா மெத்தைகளை இறக்கிப்போட்டு வீடு கட்டிக்கொண்டிருக்கிறாய். சில வாரத்துக்கு முன் கிண்டர்கார்டன் போக ஆரம்பித்ததிலிருந்து நான் தமிழில் கேட்டால் நீ இங்கிலீஷில்தான் பதில் சொல்கிறாய், அதனால் இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேருமா என்பதே சந்தேகம்தான். சங்கத்தின் பொங்கல் மலருக்கு உன் அம்மாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல மனைவி, நல்ல தாய், எல்லாரிடமும் இனிமையாகப் பழகியவர் என்று எழுதினால் போதுமாம். எனக்கு அது வரவில்லை. உனக்கு எழுதினால் வருகிறது. மலரில் இதையே போடட்டும். ஆக்லாந்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த எல்லாரும் வாசிக்கட்டும், அவர்கள் நடுவில்தான் இது நடந்தது. நீ வளர்ந்து, உனக்கு மாப்பிள்ளை பார்க்கிற காலத்தில், ஏதோ ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது உன் பக்கம் குனிந்து, ‘உங்கம்மா போன சூட்டோட உங்கப்பா...’ என்று ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால் என்னிடமிருந்து நீ கேட்டுவிட வேண்டும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றியும் பயனில்லை, நாம் இருக்கிற கூட்டம் அவ்வளவு சின்னது.

முதலில் உன் அம்மாவைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். அவள் வம்பு பேசுவாள். ஆசையாக, ரசித்து, சமையலில் தாளிக்கிற மாதிரி பேசுவாள். யார் வீட்டு விருந்துக்காவது போய்விட்டு டொமினியன் ரோடு வழியாகக் காரில் திரும்பும்போது, நீ பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாய், அவள் அன்றைக்குக் கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள். “எப்சம்ல வீடு வாங்கினாங்களே, ஸ்கூலுக்காக, அந்தப் பையனுக்கு அந்த ஸ்கூல் பிடிக்கலையாம்.” “அவங்க மாமியார் வந்து ஒரு வாரம்தான் ஆச்சாம், அதுக்குள்ள டிக்கெட்டை மாத்தச் சொல்லிட்டாங்களாம். யாரு மாத்தச் சொன்னது, மாமியாரா மருமகளா, அதுலதான் ரெண்டு கட்சி.” எனக்கு ஊரில் யாருக்கு என்ன நடக்கிறது என்பதெல்லாம் அந்தக் காரில் தெரிந்ததுதான். மங்கரேயில் சரக்குக் கிடங்கில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். என்னோடு நாள் முழுக்கப் பேசுவது கம்ப்ரசர்கள் மட்டும்தான். அவள் போன பிறகு அதே சாலையில் கார் ஓட்டும்போது எனக்கு யாரைப் பற்றியும் ஒன்றும் தெரிவதில்லை. இரண்டு பேர் பிரிந்துவிட்டார்கள் என்பதை அவர்கள் வீட்டுக்குப் போய், இருவரையும் விசாரித்து, அந்த அம்மாள் முகம் மாறிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அவள் காலேஜில் இங்கிலீஷ் இலக்கியம் படித்தவள். போன குளிர்காலத்தில், ஜூன் மாதம், தீபாவளி விழாவுக்கு நாடகம் போட வேண்டும் என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது, தான் படித்த ஒரு பழைய இங்கிலீஷ் நகைச்சுவை நாடகத்தைத் தமிழாக்குகிறேன் என்று எழுந்து நின்றாள். பணக்காரச் சீமாட்டிகள் கூடி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே ஊரார் பெயரையெல்லாம் கிழிக்கிற நாடகம். யோக்கியன் மாதிரி பேசுகிறவன் யோக்கியன் இல்லை, வாயாடிகளுக்குள்ளும் மனசு இருக்கிறது என்று போகும். லண்டன் மாளிகையை அவள் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு மர வீட்டு லவுஞ்சாக மாற்றினாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே என்னை வாசித்துக் காட்டிச் சோதிப்பாள். “அவர் மனைவிக்குப் பட்டுச்சேலை வாங்கியிருக்காராம்” என்று ஒருத்தி சொல்வாள். “யார் மனைவிக்கு?” என்று இன்னொருத்தி கேட்பாள். நான் சிரித்தால் அந்த வரி இருக்கும், சிரிக்காவிட்டால் அடித்துவிடுவாள்.

ஒருநாள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள். “ஏங்க, இங்கிலீஷ்காரங்க பாவம்ங்க. ‘ஊர்ல சொல்றாங்க’, ‘நான் கேள்விப்பட்டேன்’னு ஒவ்வொரு தடவையும் வாக்கியத்துக்கு முன்னாடி ஒரு வாலை மாட்டணும். நமக்குப் பாருங்க, கடைசில ஒரு ‘ஆம்’ போதும். போனாளாம். வந்தானாம். பாத்தாங்களாம். முடிஞ்சுது.”

“அப்ப அது தப்பிச்சுக்கற வழி. எதை வேணா சொல்லிட்டு ஒரு ஆம் போட்டுக்கலாம்” என்றேன்.

“இல்லைங்க. அதுதான் நேர்மை. நான் பாக்கலை, எனக்குத் தெரியாது, வந்ததை வந்தபடி கொடுக்கறேன்னு முத்திரை குத்திக் கொடுக்கறது. ஆம் போடாதவதான் பொய் சொல்றவ.”

எனக்கு அது உடனே புரிந்தது. எங்கள் வேலையில் மீட்டர் வைக்காமல் குத்துமதிப்பாக ஓர் அளவை எழுதினால் பக்கத்தில் ஒரு சுழி போட வேண்டும். அடுத்த ஷிஃப்ட்டில் வருகிறவன் அந்தச் சுழியைப் பார்த்தால் தானே ஒருமுறை அளந்து பார்ப்பான். யாராவது நகல் எடுக்கும்போது சுழியை விட்டுவிட்டால் போச்சு, ஊகம் அளவாகிவிடும். இதை அவளிடம் சொன்னேன். “பாருங்க, உங்க ஃப்ரிட்ஜ் கம்பெனிக்கும் என் நாடகத்துக்கும் சம்பந்தம் வந்துடுச்சு” என்று சிரித்தாள். நாங்கள் இரண்டு பேரும் கடைசியாகச் சேர்ந்து யோசித்த விஷயம் இது. ஆகஸ்டில் ஒரு காலை குளியலறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. அன்று மாலைக்குள் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எனக்கு வேறு எதுவும் எழுதத் தெரியவில்லை. பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்தால் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, இருக்கிறது, ஆனால் நம்முடையது இல்லை என்று தோன்றுமே, நான் முழுக்க அப்படி இருந்தேன். இன்னும் அப்படித்தான்.

என் ஷிஃப்ட் விடிகாலையில் ஆரம்பிக்கும். உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கௌரி வந்தது அப்படித்தான். யாழ்ப்பாணத்துப் பெண், சண்டைக்குத் தப்பித் தன் அண்ணனிடம் வந்து சேர்ந்தவள், சாண்ட்ரிங்ஹாமில் அவர் குடும்பத்தோடு இருந்தாள். மாலையில் நர்ஸ் உதவியாளர் படிப்பு, பகல் முழுக்க வீட்டில். நாடக ஒத்திகைக்கு வருவாள், உன் அம்மாவுக்கு அவளைப் பிடிக்கும். அவளிடம் கேட்டேன், சம்மதித்தாள். மரியாதைக்கு அவள் அண்ணனையும் பார்த்துக் கேட்டேன், அவரும் சரியென்றார். அன்று வேலை முடிந்து திரும்பும் வழியில் பால் வாங்க நம் தெருமுனை டெய்ரிக்கு, அந்தச் சின்ன மளிகைக் கடைக்குப் போனேன். அதை நடத்துகிற புஷ்பா அக்காவும் யாழ்ப்பாணம்தான். நாடகத்தில் வம்புக்காரச் சீமாட்டியாக உன் அம்மா நடிப்பதாக இருந்தது. அவள் போன பிறகு அந்த வேஷத்தை ஏற்றுக்கொண்டவர் இவர்.

“பிள்ளைய இப்ப ஆர் தம்பி பாக்கினம்?” என்று கேட்டார்.

“கௌரிகிட்ட பேசிட்டேன்க்கா. அவங்க அண்ணன்கிட்டயும் பேசி முடிச்சாச்சு.”

பால் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே நின்றார். “பேசி முடிச்சாச்சோ?”

“ஆமாக்கா. திங்கட்கிழமையிலேருந்து வீட்டுக்கு வந்துடுவாங்க.”

“திங்கக்கிழமையோ! ஏன் தம்பி இவ்வளவு கெதியா? ஆக்கள் என்ன சொல்லுவினம்?”

“ஆக்கள் என்னக்கா சொல்றது, என் கஷ்டம் எனக்கு. லேட் பண்ண முடியாதே, ஷிஃப்ட் இருக்கே.”

“அவவுக்குச் சம்மதமோ?”

“சந்தோஷமா சரின்னாங்க. குட்டிக்கும் அவங்களைப் பிடிக்கும்.”

புஷ்பா அக்கா சாமி படத்தின் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்காகப் பிரார்த்திக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் வந்த ஊரில் பேசுவது என்றால் பேசுவது. அவர் ஊரில் வாயைத் திறந்து பேசுவதற்குக் கதைக்கிறது என்று பெயர். ஒரு பெண்ணின் அண்ணனிடம் போய் ‘பேசி முடிச்சாச்சு’ என்றால் அது கல்யாணம்தான், வேறு எதுவும் இல்லை. அன்று அந்தக் கடையில் நின்று, உன் அம்மா போய் இரண்டு மாதம்கூட நிறையாத போது, எனக்கு இரண்டாம் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் இருப்பதால் அவசரம் என்று என் வாயாலேயே அறிவித்துவிட்டு, பாலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கௌரி வந்த நாட்களைப் பற்றி நீ எதையும் ஞாபகம் வைத்திருக்க மாட்டாய். நீ மறுபடி சாப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். உன்னோடு தரையில் உட்கார்ந்து விளையாடுவாள், ஜன்னலோரம் நின்று ரயிலுக்குக் கை காட்டுவாள். நீ ‘ஆமா’வை விட்டுவிட்டு ‘ஓம்’ என்று சொல்லப் பழகினாய். சில வாரம் இப்படிப் போனது. ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. போன் செய்தேன், அவள் அண்ணன் எடுத்தார். “இனி வரமாட்டா” என்றார், வைத்துவிட்டார். நான் திகைத்துப்போய் மறுபடி அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. நீ ஷூ போட்டுக்கொண்டு ஜன்னலடியில் நின்றாய். அன்று லீவு போட்டேன். மறுநாள் உன்னைக் கிடங்கு அலுவலகத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன், மேற்பார்வையாளர் ஒரு நாளைக்குப் பொறுத்துக்கொண்டார். பிறகு பாக்கியிருந்த லீவையெல்லாம் எடுத்துக்கொண்டேன். நீ சாப்பாட்டை மறுபடி வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் அம்மா போனதைத்தான் உன்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. இது புரிந்துவிட்டது போலிருந்தது: பெண்கள் வருவார்கள், பிறகு ஒருநாள் வரமாட்டார்கள்.

அந்த வாரம் பாலு சார் வீட்டுக்கு வந்தார். சங்கத்தில் பெரிய மனிதர். யாரைப் பற்றியும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லமாட்டார் என்று பெயர். கூட்டங்களில் நல்லொழுக்கம் பற்றிப் பேசக் கூப்பிடுவார்கள். நாடகத்தில் யோக்கியனாகப் பேசுகிறவனின் வேஷத்துக்கு உன் அம்மா முதல் நாளே அவரைத்தான் தேர்ந்தெடுத்தாள். “அவருக்கு நடிக்கவே வேண்டாம்ங்க” என்றாள். பாராட்டு என்று நினைத்தேன். பாலு சார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண் கலங்க உட்கார்ந்தார்.

“நான் நம்பலைப்பா. யார் என்ன சொன்னாலும் நான் நம்பவே இல்லை.”

“எதை சார்?”

“உனக்கும் கௌரிக்கும் கல்யாணம்கற பேச்சை. அதை விடு. உன்னை மாதிரி ஒரு பையன் அப்படிச் செய்வானா? எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லிட்டு வரேன். எப்சம்ல சொன்னேன். கோயில் பூஜைல சொன்னேன். நான் நம்பலைன்னு.”

இப்படித்தான் குட்டி, என் கல்யாணத்தைப் பற்றி நான் கேள்விப்பட்டேன். அவர் நம்பவில்லை என்று போய்ச் சொன்ன வீடுகளில் பாதிப் பேருக்கு அதற்கு முன்னால் அது தெரியவே தெரியாது. காபியைக் குடித்துவிட்டு, உன் தலையைத் தடவி, “பாவம் குழந்தை” என்று சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்திவிட்டு நின்றேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு இயந்திரம் நின்றுபோனால் வருகிற எரிச்சல்தான் வந்தது. எங்கேயோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் உட்காரக்கூடாது என்கிற எரிச்சல். எனக்குத் தெரிந்தது ஒரே வேலை. ஒயரின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு சந்திப்பிலும் மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டே போவது.

முதலில் டெய்ரி, கௌரி வரப்போவதை நான் வெளியில் சொன்ன ஒரே இடம். புஷ்பா அக்கா என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். “தம்பி, ஏன் குழம்பினது? உங்கட ஆக்கள் ஆரும் மறிச்சவையோ?”

“என்னக்கா குழம்பிச்சு?”

“உங்கட கலியாணம்.”

“எனக்கு ஏது கல்யாணம்? யாருக்கா சொன்னது?”

“நீங்கள்தானே சொன்னியள்! உதிலதான் நிண்டனீங்கள், பால் வாங்கேக்க. பேசி முடிச்சாச்சு எண்டு!”

“புள்ளையைப் பாத்துக்கறதுக்குப் பேசினேன்க்கா!”

“அதுக்கு ஆரும் பேசுவினமே? கதைக்கிறதெல்லோ!”

கடையில் ரொட்டி வாங்க வந்த வெள்ளைக்காரப் பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புஷ்பா அக்கா தலையில் கைவைத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “ஐயோ, அந்தப் பிள்ளைக்கு ரொறன்ரோவில மாப்பிளை பாத்திருக்கினமாம், நேற்றுத்தான் எனக்கே தெரியும். பேச்சு முற்றாகி நாள் வைக்கிற நேரம் அவை இதைக் கேள்விப்பட்டு வேண்டாமெண்டு நிப்பாட்டிப்போட்டினமாம். தமையன் கேட்டாராம் உண்மையோ எண்டு. அவ வாயே திறக்கேல்லையாம்.” பிறகு நிமிர்ந்து, “ஆனா தம்பி, நான் எப்சம் அக்காவுக்குச் சொல்லேக்க ‘முற்றாக்கியாச்சாம்’ எண்டுதான் சொன்னனான். சத்தியமா ‘ஆம்’ போட்டனான்” என்றார்.

அந்த ‘ஆம்’ பேச்சை உன் அம்மா நாடகத்திலும் சேர்த்திருந்தாள். அந்த வசனத்தை மனப்பாடம் செய்திருந்த ஒருவருக்குத்தான் அப்படிச் சொல்லத் தோன்றும்.

ஸ்கூலுக்காக வாங்கிய அந்த எப்சம் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் முகம் சிவந்து, “எனக்கு என்ன தெரியும் தம்பி, பேசி முடிச்சாச்சாம்னு கேள்விப்பட்டேன், பாலு சார் வந்தப்ப இப்படி ஒரு பேச்சு வருதாமே உண்மையா சார்னு கேட்டேன்” என்றார். அதுவரை எல்லாச் சந்திப்பிலும் ‘ஆம்’ அப்படியே இருந்தது. அடுத்தது பாலு சார், அவரைத் தாண்டினால் கௌரியின் அண்ணன். மறுமுனையிலிருந்து வந்து பார்க்கலாம் என்று சனிக்கிழமை அண்ணன் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நான் நடந்ததைச் சொன்னேன், டெய்ரி, பால், பேசினது, கதைச்சது எல்லாம்.

“உங்கட ஆள்தானே எனக்குப் போன் எடுத்துச் சொன்னவர்” என்றார்.

“யார்?”

“அந்தப் பெரியவர். ‘நடந்தது நடந்துபோச்சு. அவன் மேலயும் தப்பு சொல்ல முடியாது, வயசு. பொண்ணு பேர் கெடாம முடிச்சு வைக்கிறது நம்ம பொறுப்பு’ எண்டு அவர்தான் சொன்னவர். ‘நடந்ததாம்’ எண்டு சொல்லேல்லை. நடந்தது எண்டு சொன்னவர். மற்றவை சொன்னா நான் நம்பியிருக்க மாட்டன். ஒருத்தரையும் குறை சொல்லாத மனுசன் சொல்லுறார் எண்டால்...”

‘ஆம்’ அங்கேதான் விழுந்திருந்தது. உன் அம்மாவின் கணக்கில் ஊரிலிருந்த வம்புக்காரிகள் எல்லாரும் சுழியைப் பத்திரமாகப் போட்டே அனுப்பியிருந்தார்கள். வம்பே பேசாத ஒருவர், நம்பவில்லை என்று எங்கள் வீட்டில் அழுத ஒருவர், அந்தச் சுழியை அழித்துவிட்டுக் கொடுத்திருந்தார். உள்ளே கௌரி கதவோரம் நிற்பது தெரிந்தது. அவளைப் பார்த்து, “நீங்க அண்ணன்கிட்ட இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றேன். எரிச்சலில் வந்துவிட்டது.

“அவர் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்ட பிறகு நான் ஏன் அண்ணா சொல்லோணும்?” என்றாள். “கேக்கமாட்டார் எண்டு நினைச்சனான்.”

அவள் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

நாடகம் தீபாவளி வாரத்தில் நடந்தது. நான் போகாமல் இருந்திருப்பேன், புஷ்பா அக்கா விடவில்லை. “உங்கட மனிசி எழுதினது. வந்து இருந்து பாருங்கோ.” உன்னை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தேன். நான் உள்ளே வந்ததும் பக்கத்து வரிசைகளில் பேச்சு நின்று, பிறகு வேறு பேச்சாகத் தொடங்கியது. மேடையில் புஷ்பா அக்கா உன் அம்மாவின் வரிகளையெல்லாம் யாழ்ப்பாணத் தமிழாக்கி விளாசினார். சேலை வசனத்துக்கு ஹால் அதிர்ந்தது. பாலு சார் கையைக் கட்டிக்கொண்டு ஒழுக்கத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். உன் அம்மா சொன்னது சரிதான், அவர் நடிக்கவே இல்லை. சபை அவரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது, தன் பேச்சுத் திறமைக்கு என்று அவர் நினைத்து மேலும் உருகினார். மூன்று மாதத்தில் முதல் முறையாக நானும் சிரித்தேன். சிரித்தது பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டுவிட்டது. அதற்கும் ஒரு பேச்சு வந்திருக்கும்.

முடிந்து வடை, கேசரி வைத்திருந்த மேசையருகில் பாலு சாரைப் பிடித்தேன். வேஷத்தின் பட்டு மேலங்கி இன்னும் போட்டிருந்தார்.

“சார், கௌரியோட அண்ணனுக்கு நீங்க போன் பண்ணினீங்களா?”

“உன் நல்லதுக்குத்தான்ப்பா. ரெண்டு குடும்பமும் சங்கடப்படாம...”

“நம்பலைன்னு என்கிட்ட சொன்னீங்க.”

“உன்கிட்ட அப்படித்தானே சொல்லணும்? புண்பட்டிருக்க. உன் மூஞ்சிக்கு நேரா நம்பறேன்னு சொல்வேனா?”

அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் என்னைத் திணறடித்தது. அவர் அதைப் பண்பு என்றே நம்புகிறார். யாரிடம் எது மரியாதையோ அதைச் சொல்வது. உள்ளது என்ன என்கிற கேள்வி அவருக்குள் எழுந்ததே இல்லை. அப்படிப்பட்டவரிடம் எதைப் பிடித்து உலுக்குவது? மீட்டரை எங்கே வைப்பது? அவர் தோளைத் தட்டி, “கேசரி சாப்பிடு” என்றார். நான் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்னும் எரிகிறது. நான் கேசரி சாப்பிட்டேன், குட்டி.

மறுநாள் காலை புஷ்பா அக்கா வீட்டுக்கே வந்தார். கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. “தம்பி, ரொறன்ரோவுக்குப் போன் எடுத்தனான். மாப்பிளையின்ர தாயோட நல்லாப் பேசிப்போட்டன்.”

“ரொம்ப நன்றிக்கா. மெதுவா எடுத்துச் சொன்னா அவங்களும் புரிஞ்சுப்பாங்க.”

“மெதுவாவோ?” என்று விழித்தார். “பேசினனான் எண்டு சொல்லுறன், நீங்கள் மெதுவா எண்டுறியள்! ஏசினனான் தம்பி, ஏசினனான்! ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர வாழ்க்கையை ஒரு சொல்லை வைச்சு முறிக்கிறியளோ, அந்தச் சொல்லு என்ர வாயாலதான் வந்தது, பிழை என்னில, வேணுமெண்டால் என்னை ஏசுங்கோ எண்டு கத்தினனான். மனுசி முதல்ல அழுதா, பிறகு நானும் அழுதனான். கடைசியில எங்கட பழைய ரீச்சர் ஒராளின்ர மருமகள் எண்டு தெரிய வந்திட்டுது.”

அவர் ஊரில் பேசுவது என்றால் திட்டுவதும்தான். அந்த ஒரே சொல்தான் ஊசியாகக் குத்தியது, அதே சொல்தான் கிழிந்ததைத் தைத்தது. இதைக் கேட்க உன் அம்மா இருந்திருந்தால் காரை ஓரமாக நிறுத்தச் சொல்லிச் சிரித்திருப்பாள். நான் அதை யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் துக்கம் என்றால் பெரும்பாலும் இதுதான். நல்ல ஒரு விஷயம் கையில் இருக்கிறது, காரில் யாரும் இல்லை.

சம்பந்தம் மறுபடி முற்றாகியது. கௌரி கொஞ்ச நாள் திரும்ப வந்தாள், அண்ணனே கொண்டுவந்து விட்டுப் போனார். நீ ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாய், பிறகு கோபம் வந்து அவளை அடித்தாய். போன வாரம் அவள் டொராண்டோவுக்குப் போய்விட்டாள். நான் நியாயத்தை நிலைநாட்டியது அவளை அனுப்பி வைக்கத்தான் என்று ஆகிவிட்டது. இதை எழுத அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதுங்கோ அண்ணா, ‘ஆம்’ போடாமல் எழுதுங்கோ” என்றாள்.

வளர்ந்த பிள்ளைக்கு அப்பா எழுதினால் புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் கொஞ்சம்தான் இருக்கிறது. வாயாடிகளைக் கண்டு பயப்படாதே. உன் அம்மா வாயாடி, புஷ்பா அக்கா வாயாடி. ஒருவர் எவ்வளவு பேசுகிறார் என்று பார்க்காதே, வாக்கியம் எங்கே முடிகிறது என்று கேள். யாரைப் பற்றியும் தவறாகப் பேசாதவர் ஒருவரைப் பற்றித் தவறாகச் சொன்னால் உடனே நம்பிவிடாதே, அங்கேதான் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். தான் சொன்ன சொல் தவறு என்று தெரிந்ததும் போனை எடுத்து உலகத்தின் மறுபக்கம் இருப்பவரோடு சண்டை போடுகிறவரை விட்டுவிடாதே. முடிந்தால் இந்த ஒரு எழுத்தைக் கேட்கிற அளவுக்காவது தமிழைக் காதில் வைத்துக்கொள். நீ இங்கிலீஷில் கேள்விப்படும்போது எல்லாம் நடந்ததாகவே வந்து சேருமோ என்று எனக்குப் பயம்.

இத்தனையும் எழுதிவிட்டு நிமிர்ந்தால் நீ கதவில் நிற்கிறாய். “அப்பா, கம்” என்று கையைப் பிடித்து இழுக்கிறாய். பேனாவோடு வருகிறேன். சோபா மெத்தை வீட்டுக்குள் முட்டிபோட்டு நுழைகிறேன். உள்ளே வந்ததும் நீ வேறு ஆளாகிவிடுகிறாய். கிண்டர்கார்டன் போனதிலிருந்து என்னிடம் பேசாத தமிழ், கௌரி தரையில் உட்கார்ந்து விளையாட்டில் பேசிக் கொடுத்த தமிழ், வாயில் வருகிறது.

“இது வீடாம். நான் கௌரி ஆன்ட்டியாம். நீ அப்பாவாம்.”

அப்பாவாக நடிக்கச் சொல்கிறாய். சரி என்று தலையாட்டுகிறேன். ஒரு காலி டம்ளரைக் கொடுத்து, “டீயாம்” என்கிறாய். குடிக்கிறேன். பிறகு மெத்தை இடுக்கு வழியாக வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, ரகசியம் போலச் சொல்கிறாய்.

“அம்மா கடைக்குப் போயிருக்கிறாவாம். இப்ப வந்திடுவாவாம். ஓமா?”

என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறாய். ஓம் என்று சொன்னால் பொய். இல்லை என்றால் இந்த வீடு இப்போதே இடிந்துவிடும். உன் அம்மா சமையலறை மேசையில் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னது எதற்கு என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

“வந்திடுவாவாம்” என்கிறேன், கடைசி எழுத்தை விடாமல்.